செம்பருத்தியில் பெரிய சிலந்தி, வலை ஓரத்தில் இரண்டு பொடிசுகள்: அம்மாவும் குட்டிகளுமா?

வியாசர்பாடி மாடித்தோட்டம்

எங்கள் மொட்டை மாடியில் செம்பருத்திச் செடிக்கும் தண்ணீர் டேங்க் குழாய்க்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட வயிறு. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி வடிவத்தில் தலைகீழாக வலை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கால் நீளும் திசையிலேயே வெள்ளை நூலில் நெளிநெளியாக ஒரு வேலைப்பாடும் உண்டு.

வலையின் மேல் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் இரண்டு பொடிசுகள் தொங்குகின்றன. பெரியதன் ஒரு கால் நீளம்கூட இல்லை. அம்மா "அது குட்டிங்க, கலைச்சிடாதே" என்கிறார். எதிர்வீட்டு அண்ணன் "ரெண்டும் ஆம்பளை, பெரிசு தின்னப்போவுது பாரு" என்கிறார். யார் சொல்வது சரி? பெண் சிலந்தி ஆணைத் தின்றுவிடும் என்று எல்லோரும் சொல்கிறோமே, அது எல்லாச் சிலந்திக்கும் பொருந்துமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

எண்ணூர் கழிமுகம்

கலைக்க வேண்டாம் என்று அம்மா சொன்னது ரொம்பச் சரி. ஆனால் அவை குட்டிகள் இல்லை, முழு வளர்ச்சி அடைந்த ஆண்களாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் பெரியது ஆர்ஜியோப் அனசுஜா. தமிழ்நாட்டில் வேலியோரம், தோட்டம், மாடிச்செடி என்று எங்கும் பார்க்கலாம்.

போனில் நன்றாக ஜூம் பண்ணி அந்தப் பொடிசுகளின் முகத்தைப் பாருங்கள். எட்டுக் கால் போக முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டிக் கைகள் இருக்கும், பெடிபால்ப் என்பார்கள். நம் ஏரியாவில் குத்துச்சண்டை பார்க்காதவர் யார்? கையுறை மாட்டியது போல அந்தக் கைகளின் நுனி உப்பியிருந்தால் அது வயதுக்கு வந்த ஆண்.

அந்த உப்பலுக்குள்தான் விஷயமே இருக்கிறது. ஆணின் விந்து வருவது வயிற்றின் அடியில் இருக்கும் துளை வழியாக. ஆனால் இணையும்போது அந்தத் துளைக்கு வேலை கிடையாது. ஆண் முதலில் ஒரு பொடி வலை பின்னி, அதில் ஒரு சொட்டு விந்தை விட்டு, அந்தச் சொட்டை இரண்டு கைகளிலும் உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும். அப்புறம்தான் பெண்ணைத் தேடிக் கிளம்பும். பெண்ணுக்கும் வயிற்றடியில் இரண்டு துளைகள், உள்ளே விந்தைச் சேர்த்து வைக்க இரண்டு பைகள். வலதுக்குத் தனி, இடதுக்குத் தனி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓரத்தில் ஏன் தொங்குகின்றன? காத்திருக்கின்றன. அந்தப் பெண் இன்னும் கடைசித் தோலை உரிக்காமல் இருக்கலாம். தோல் உரித்த கொஞ்ச நேரத்துக்குப் பெண்ணின் உடம்பு மெத்தென்று இருக்கும், சட்டென்று பாய்ந்து பிடிக்க முடியாது. ஆர்ஜியோப் ஆண்கள் சில அந்த நேரம் பார்த்து இணைந்துவிட்டு உயிரோடு இறங்கிவிடும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் நூலைச் சுண்டிச் சுண்டி அனுமதி கேட்க வேண்டும். பல ஆர்ஜியோப் இனங்களில் ஆண் தனியாக ஒரு நூல் கட்டி, அதில் நின்று அதிர்வு அனுப்பும். பெண்ணுக்குக் கண் சுமார்தான். வலை அதிர்வதை வைத்துத்தான் வந்தது இரையா, மாப்பிள்ளையா என்று தெரிந்துகொள்ளும்.

வியாசர்பாடி மாடித்தோட்டம்

பார்த்துவிட்டேன்! கை நுனி இரண்டும் உருண்டையாக, பளபளப்பாக இருக்கிறது. நடுவில் இருக்கும் பெரியதன் கை ஒல்லியாக இருக்கிறது. அப்போது தின்னுமா தின்னாதா?

எண்ணூர் கழிமுகம்

தின்னும். இந்தக் குடும்பத்தில் அது அடிக்கடி நடப்பது. ஐரோப்பாவில் இருக்கும் ஆர்ஜியோப் புரூனிக்கியைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதில் ஆணின் கை நுனி இணையும்போதே ஒடிந்து பெண்ணின் துளையில் அடைப்பாக நின்றுவிடும். அடுத்து வரும் ஆணுக்கு அந்தப் பக்கம் வழி இல்லை. ஒரு கைக்கு ஒரு முறை என்பதால் ஓர் ஆணுக்கு ஆயுளில் இரண்டே வாய்ப்பு. முதல் வாய்ப்பிலேயே பெரும்பாலான ஆண்கள் உணவாகிவிடுகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் 2010-இல் வெளிவந்தது. இணைசேர்ந்த பெண் தன் உடன்பிறப்பாக இருந்தால் ஆண் சீக்கிரமே விலகி ஓடிவிடுகிறது. வேற்றுப் பெண்ணாக இருந்தால் கடைசிவரை நிற்கிறது, சாகிறது. யாருக்காகச் சாவது என்பதிலும் அந்தச் சின்ன உயிருக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் ஆர்ஜியோப் அவுரான்டியா இன்னும் ஒரு படி மேலே. இரண்டாவது கையை நுழைத்தவுடன் ஆண் தானாகவே செத்துப்போகும். பெண் ஒன்றும் செய்வதில்லை. பிணமே அடைப்பாகத் தொங்கும். 2003-இல் இதை வெளியிட்டார்கள்.

பெரம்பூர் லோகோ

நல்ல தகவல்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. "கணக்கு", "அனுமதி", "யாருக்காகச் சாவது" என்றெல்லாம் எழுதும்போது, நடப்பதற்கு மேல் நாம் ஏற்றிச் சொல்கிறோம். பெண் பெரிசு, பசியோடு இருக்கிறது. ஆண் சிறிசு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிடித்தது, தின்றது. இதற்குப் பாலினத் தேர்வு, அதாவது இணையைப் பொறுக்கி எடுப்பது, என்று பெரிய பெயர் எதற்கு?

2008-இல் பல இனங்களை ஒப்பிட்டு வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்குத் தின்பதும் அதிகம் என்று காட்டினார்கள். அதாவது பிடிக்க முடிந்தால் பிடிக்கும், அவ்வளவுதான். தேர்வு என்றால் நான்கு பேரைப் பார்த்து ஒருவரைச் சம்மதிப்பது. வாயில் கிடைத்ததைத் தின்பதை அப்படிச் சொல்ல முடியுமா?

தண்டையார்பேட்டை டீச்சர்

லோகோ சார், நீங்கள் கேட்பது பழைய கேள்வி, நல்ல கேள்வி. டார்வின் 1871-இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய புத்தகத்தில் சிலந்திகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். கொஞ்சிக்கொண்டிருந்த ஆணைப் பெண் பிடித்து, நூலால் சுற்றித் தின்றதை டி கீர் என்ற இயற்கையாளர் பார்த்து அதிர்ந்துபோனார் என்று அதில் வருகிறது. நெஃபிலா என்ற பொன்வலைச் சிலந்தியின் ஆண்கள் பொடியாக இருப்பதற்குப் பாதிரியார் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் சொன்ன காரணத்தையும் அதன் இரண்டாம் பதிப்பில் டார்வின் எடுத்துக்காட்டுகிறார்: சின்ன ஆணைப் பெண்ணால் பிடிக்க முடியவில்லை, அதனால் சின்னவை தப்பித்துப் பெருகின. உங்கள் வாதத்தைத் திருப்பிப் போட்டால் இதுதான் வரும்.

ஆனால் பெண் "தேர்ந்தெடுக்கிறது" என்பதை அன்று பலர் ஏற்கவில்லை. டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த வாலஸே ஏற்கவில்லை. ஆணின் நிறம் அதன் உடல் துடிப்பிலிருந்து வருவது, பெண்ணின் ரசனைக்கு அதில் பங்கில்லை என்றார். அதற்குப் பதில் சொன்னவர்கள் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் இருந்த ஜார்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் தம்பதி. ஜார்ஜ் ஒரு பள்ளிக்கூடத்து உயிரியல் ஆசிரியர். தாவும் சிலந்திகளைப் பெட்டியில் வளர்த்து, ஆண்கள் ஆடுவதையும் பெண்கள் அதைக் கவனித்துப் பார்ப்பதையும் எழுதி 1889-இல் வெளியிட்டார்கள். ஆண் தன் உடம்பில் எந்த இடம் அழகாக இருக்கிறதோ அந்த இடத்தையே பெண்ணின் கண்ணுக்கு நேராகத் திருப்பிக் காட்டுகிறது என்பது அவர்கள் கண்டது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் செய்த வேலை அது. என் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் ஒரு வருடத்தையும் முடிப்பதில்லை.

ராயபுரத்தான்

தாவும் சிலந்தி என்றதும் ஓடி வந்தேன். எங்கள் வீட்டு வெளிச்சுவரில், டியூப் லைட்டுக்குக் கீழே, ராத்திரி பூச்சி பிடிக்க வரும் பிளெக்ஸிப்பஸ் பேகுலியைக் கவனிப்பதுதான் என் பொழுதுபோக்கு. ஆண் கறுப்பு, முதுகில் வெள்ளைக் கோடு. பெண் மங்கலான பழுப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

ஆண் பெண்ணைப் பார்த்தால் முதலில் அப்படியே நிற்கும். அப்புறம் முன்னங்கால் இரண்டையும் தூக்கி விரிக்கும். நேராகப் போகாது, இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் இரண்டு அடி என்று சாய்ந்து சாய்ந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நெருங்கும். பெண் முழு உடம்பையும் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருக்கும். பெண் உடம்பைத் தாழ்த்தி முன்னால் ஒரு துள்ளல் வைத்தால் ஆண் சட்டென்று பின்வாங்கும், ஆனால் ஓடிவிடாது, மறுபடி காலைத் தூக்கும். பெரும்பாலும் பெண் திரும்பிப் போய்விடும். தின்றதை நான் பார்த்ததே இல்லை. இரண்டு ஆண்கள் சந்தித்தால் வேறு கதை: காலை அகல விரித்து முகத்துக்கு முகம் நின்று, சில சமயம் பல்லோடு பல் கோத்துத் தள்ளும். சின்னது கடைசியில் சுவர் விளிம்பைத் தாண்டி மறைந்துவிடும்.

லோகோ அண்ணா, இங்கே ஆணும் பெண்ணும் சம அளவு. பசி இருந்தாலும் பெண் அத்தனை நேரம் நின்று பார்க்கிறது. இதைத் தேர்வு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

எண்ணூர் கழிமுகம்

ராயபுரத்தான் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தாவும் சிலந்திப் பெண் பட்டுக் கூட்டுக்குள் இருந்தால் இந்த ஆட்டத்தால் பயன் இல்லை, அதற்குத் தெரியாது. அப்போது ஆண் கூட்டின் நூலை இழுத்து அதிரவிட்டுத்தான் செய்தி சொல்லும். உள்ளே இருப்பது இன்னும் வயதுக்கு வராத பெண் என்றால் பக்கத்திலேயே கூடு கட்டிக்கொண்டு தோல் உரிக்கும்வரை காத்திருக்கும். ஒரே ஆண், இடத்துக்கு ஏற்ப மூன்று வழி.

நிறத்தையும் நம் கண்ணை வைத்து முடிவு செய்யக்கூடாது. காஸ்மோஃபேசிஸ் அம்பிராட்டிகா என்ற தாவும் சிலந்தியின் ஆண் உடம்பு புற ஊதாக் கதிரைப் பிரதிபலிக்கிறது, பெண்ணின் கைகள் புற ஊதாவில் பச்சையாக ஒளிர்கின்றன. சிங்கப்பூரில் 2007-இல் வடிகட்டி வைத்து அந்தக் கதிரை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். இணையின் மேல் இருந்த ஆர்வமே குறைந்துவிட்டது. நமக்கு எந்த மாற்றமும் தெரியாத வெளிச்சம்தான் அது.

ஆஸ்திரேலிய மயில் சிலந்தியின் வீடியோ பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். நாலைந்து மில்லிமீட்டர் ஆண், வயிற்றின் இரு பக்கத் தோலையும் விசிறியாக விரித்து, மூன்றாம் கால்களை உயர்த்தி ஆடும். கூடவே தரையையும் அதிரவைக்கும். டீச்சர் சொன்ன அதே பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ்தான் 1874-இல் மராட்டஸ் வோலன்ஸ் என்ற மயில் சிலந்திக்குப் பெயர் வைத்தவர்.

வண்ணாரப்பேட்டை அக்கா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் சமையலறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று சுற்றுகிறது. வலை கட்டுவதில்லை. வயிற்றுக்கடியில் வெள்ளையாக வட்டமாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறது. என் மாமியார் அது மூத்திரம் பெய்தால் உடம்பெல்லாம் கொப்புளம் வரும் என்று ஒட்டடைக் கம்போடு நிற்கிறார்.

எண்ணூர் கழிமுகம்

அக்கா, கம்பைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கொப்புளத்துக்கும் சிலந்திக்கும் சம்பந்தம் இல்லை. வந்தால் தோல் டாக்டரிடம் காட்டினால் போதும். உங்கள் வீட்டில் இருப்பது ஹெட்டிரோபோடா வெனட்டோரியா, கரப்பான் பூச்சிக்கு நல்ல எதிரி. வெள்ளை வட்டம் முட்டைப் பை. குஞ்சு வரும்வரை அதைச் சுமந்து திரியும்.

இந்த இனத்தின் ஆண் பெண்ணைக் கூப்பிடும்போது கால்களை ஊன்றிக்கொண்டு உடம்பை அதிரவிட்டு ஒரு ரீங்காரம் எழுப்பும். 1980-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். மனிதக் காதுக்கே கேட்கும். மின்விசிறியை நிறுத்தினால் உங்களுக்கும் கேட்கலாம்.

பெரம்பூர் லோகோ

ராயபுரம் தம்பி, தாவும் சிலந்தி விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி தின்பதைப் பற்றி மட்டும்தான். தின்னப்படுவதில் ஆணுக்கு லாபம் என்று சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. ஆண் தப்பிக்கத்தான் பார்க்கும். சீனாவில் ஃபிலோபோனெல்லா ப்ராமினென்ஸ் என்ற இனத்தில் இணைந்து முடித்த நொடியில் ஆண் முன்னங்காலை மடக்கி உந்தித் தன்னையே எறிந்துகொள்கிறது. 2022-இல் வந்த ஆய்வு. பார்த்த 155 இணைவுகளில் 152 முறை ஆண் அப்படித் தெறித்துத் தப்பியது. தெறிக்காத மூன்றும் தின்னப்பட்டன. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே தடுத்து வைத்தவையும் தின்னப்பட்டன. இதைவிடத் தெளிவாக ஆணின் கட்சியை யார் சொல்ல முடியும்?

தண்டையார்பேட்டை டீச்சர்

அந்த இனத்தில் ஆணுக்கு அடுத்த பெண் கிடைக்கும், திரும்பி வந்து அதே பெண்ணோடும் சேரும். அதனால் தப்பிப்பது லாபம். ஆஸ்திரேலிய ரெட்பேக் சிலந்தியைப் பாருங்கள். பெண்ணைத் தேடிப் போகும் ஆண்களில் 80 சதவீதத்துக்கு மேல் வழியிலேயே செத்துவிடுகின்றன. ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்வதே பெரும்பாடு, இன்னொன்று கிடைக்கப்போவதில்லை. இந்த ஆண் இணைந்துகொண்டிருக்கும்போதே குட்டிக்கரணம் போட்டுத் தன் வயிற்றைப் பெண்ணின் வாய்க்கு நேராக வைக்கிறது. பெண் எட்டிப் பிடிப்பதில்லை, ஆண் கொண்டுபோய் வைக்கிறது! 65 சதவீத இணைவுகளில் தின்னப்படுகிறது.

மேடியான் ஆண்ட்ரேட் 1996-இல் சயின்ஸ் இதழில் எழுதியதன் சாரம் இது: தின்னப்பட்ட ஆண்கள் அதிக நேரம் இணைந்திருந்தன, அதிக முட்டைகளுக்குத் தந்தையாயின, அந்தப் பெண் அடுத்து வந்த ஆணை மறுப்பதும் கூடியது. சாவுக்குக் கிடைக்கும் கூலி முட்டைக் கணக்கில் வருகிறது. இதை ஏற்றிச் சொல்வதாக நான் நினைக்கவில்லை சார், எண்ணிப் பார்த்துச் சொன்னது.

எண்ணூர் கழிமுகம்

இரண்டு எல்லைக்கும் நடுவில் மலபார் பெயரைத் தாங்கிய ஒரு சிலந்தி இருக்கிறது, நெஃபிலெஞ்சிஸ் மலபாரென்சிஸ். முதலில் கைகளைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கே தேவை. இதில் ஆணின் முழுக் கையே ஒடிந்து பெண்ணிடம் தங்கிவிடுகிறது. ஆண் ஓடிப்போன பிறகும், ஏன், தின்னப்பட்ட பிறகும், ஒடிந்த கை தொடர்ந்து விந்தைச் செலுத்திக்கொண்டே இருக்கிறது. 2012-இல் சிங்கப்பூரில் கண்டார்கள். இரண்டு கையும் இழந்த ஆண் வெறுங்கையோடு பெண்ணின் பக்கத்திலேயே நின்று மற்ற ஆண்களை விரட்டும். பாரம் குறைந்ததால் சண்டையில் களைப்படைவதும் குறைவு.

ஆணின் நலன் ஒரு பக்கம் இழுக்கிறது, பெண்ணின் நலன் வேறு பக்கம் இழுக்கிறது. பெண்ணுக்குப் பல ஆண்களிடம் விந்து வாங்கிப் பொறுக்குவது நல்லது. ஆணுக்கு மற்றவன் வராமல் அடைப்பது நல்லது. நெஃபிலா பிலிபெஸ் என்ற பெரிய பொன்வலைச் சிலந்தியில் ஆண் பெண்ணின் முதுகில் ஏறி மெல்லிய நூலைப் பூசிப் பூசித் தடவும். பெண் அடங்கி நிற்கும், ஆணுக்கு நேரம் கிடைக்கும்.

ராயபுரத்தான்

அப்போது நெஃபிலா ஆண் சுருங்கியதா, பெண் பெருத்ததா?

தண்டையார்பேட்டை டீச்சர்

இதைத் தலைப்பாகவே வைத்து 1997-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பொன்வலைச் சிலந்திகளைப் பொறுத்தவரை விடை: பெண்தான் பெருத்தது. உடம்பு பெருக்கப் பெருக்க முட்டை அதிகம். ஆண் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. எடை குறைந்த ஆண் உயரமான வலைக்கு வேகமாக ஏறும் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு முட்டைக் கணக்குதான் வலுவாகத் தெரிகிறது.

லஞ்சம் கொடுப்பவையும் உண்டு. ஐரோப்பாவின் பிசோரா மிராபிலிஸ் ஆண், பிடித்த பூச்சியை நூலில் சுற்றிப் பெண்ணுக்குக் கொடுக்கும். பெண் தின்னும் நேரத்தில் இணையும். சில ஆண்கள் வெறும் சக்கையைச் சுற்றிக் கொடுத்துப் பார்க்கும். பெண் அவிழ்த்துப் பார்த்ததும் இணைவு சீக்கிரம் முடிந்துவிடும். பெண் பரிசோடு கிளம்பினால் ஆண் பரிசைக் கவ்வியபடியே செத்தது போல விறைத்துக் கிடக்கும், பெண் நின்று தின்ன ஆரம்பித்ததும் எழுந்து வேலையைத் தொடரும்.

பெரம்பூர் லோகோ

ரெட்பேக் கணக்கைப் படித்தேன், வலுவானது. ஆனால் அது ஓர் இனம். பசித்த பெண் அதிகம் தின்னும் என்பது பல இனங்களில் கண்ட உண்மை. தேர்வும் தின்பதும் ஒரே செயலாக இருக்கும் இடத்தை, பசி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது யாரைத் தின்கிறது, யாரை விடுகிறது என்று காட்டினால்தான் எனக்குத் திருப்தி.

தண்டையார்பேட்டை டீச்சர்

இருக்கிறது சார். ஐலீன் ஹெபெட்ஸ், 2003, ஸ்கிட்சோகோசா என்ற ஓநாய்ச் சிலந்தி. வயதுக்கு வராத பெண்களிடம், முன்னங்காலில் ஒரு குறிப்பிட்ட நிறம் பூசிய ஆண்களைப் பழகவிட்டார். அந்தப் பெண்கள் வளர்ந்த பிறகு, சிறு வயதில் பார்த்த அதே நிறக்கால் ஆணோடு அதிகம் இணைந்தன. பழகாத நிறக்கால் ஆணை அதிகம் தின்றன. இங்கே பசியால் இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. தின்பதே மறுப்பாக இருக்கிறது, அந்த மறுப்பும் கற்றுக்கொண்டது.

பெரம்பூர் லோகோ

இதைத்தான் கேட்டேன். முழுதாகப் படித்துவிட்டு வருகிறேன். அளவு வித்தியாசம் பற்றிச் சொன்னதை நான் விடவில்லை டீச்சர், அது தனியாக நிற்கிறது.

எண்ணூர் கழிமுகம்

நிற்கட்டும் அண்ணா, இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாதவரம் பக்கம் ஒரு மாந்தோப்புக்குப் போகிறேன், வர முடிந்தவர்கள் வாருங்கள். மரத்தில் முசுறு எறும்பு நிறைய. அவற்றோடு எறும்பு வேடம் போட்ட சிலந்தி, மிர்மாப்லாட்டா பிளாட்டலியாய்ட்ஸ், இருக்கிறதா என்று தேடலாம். பெண் அச்சு அசல் எறும்பு. ஆணுக்குத் தாடை முன்னால் நீண்டு, ஓர் எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும். ஆண்கள் மோதிக்கொள்ளும் தாடை அது. சுமை தூக்கிய எறும்பைக் குறிவைத்துத் தின்னும் வேட்டைக்காரர்களிடம் இந்த ஆண்தான் முதலில் மாட்டும் என்று 2006-இல் காட்டியிருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள், முசுறு கடித்தால் விடாது.

ராயபுரத்தான்

நான் வருகிறேன். லென்ஸ் இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை அக்கா

பையனை அனுப்புகிறேன். ஒன்பதாவது படிக்கிறான், டீச்சர் பக்கத்தில் நிற்க வையுங்கள்.